புகார் கொடுக்காதவர்களின் கணக்கு

மாவட்ட எஸ்.பி. மாதந்தோறும் நடத்தும் கிரைம் மீட்டிங்கில் ஒவ்வொரு இன்ஸ்பெக்டரும் ஒரு தாளோடு எழுந்து நிற்க வேண்டும். பதிவான வழக்கு எத்தனை, பிடிபட்டவர்கள் எத்தனை பேர், மீட்ட சொத்தின் மதிப்பு என்ன, நிலுவையில் கிடக்கும் பிடிவாரண்டு எத்தனை, குண்டாஸில் போட்டது எத்தனை என்று கேள்விகள் வரிசையாக வரும். அந்தத் தாளில் ஏறாத கணக்கு ஒன்று உண்டு. பணத்தைப் பறிகொடுத்தும், அடி வாங்கியும், மிரட்டலுக்குப் பயந்து நிலத்தை எழுதிக் கொடுத்தும் ஸ்டேஷன் படி ஏறாதவர்கள் எத்தனை பேர் என்று எந்த மீட்டிங்கிலும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை. கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று விரியும் கரிசல் காட்டில் காக்கி போட்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே ஒரு கும்பலின் முதல் என்பது அருவாளோ நாட்டு வெடிகுண்டோ இல்லை. ‘புகார் கொடுத்து அலைவதைவிடக் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவது மேல்’ என்று பாதிக்கப்பட்டவர் போடும் மனக்கணக்குதான் அதன் முதல். ஒரு உயர் போலீஸ் அதிகாரி தம் பணிக்காலத்தில் அந்தக் கணக்கை மாற்றினாரா என்பதை வைத்தே அவரை எடைபோட வேண்டும். சுட்டது எத்தனை, பிடித்தது எத்தனை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த மனக்கணக்கு நேற்று முளைத்ததல்ல. 1799-இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினியார், 1801-க்குள் பாளையங்களின் ஆயுதங்களையும் காவல் உரிமையையும் பறித்தார்கள். உரிமை காகிதத்தில் போனதே தவிர, காவல்கூலி வாங்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஊர்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு ஒட்டிப் பிறந்தது துப்புக்கூலி. ராத்திரியில் ஒரு சம்சாரியின் உழவு மாடுகள் காணாமல் போகும். அவர் போலீசிடம் போகமாட்டார்; இன்னாரைப் பார் என்று ஊரே கைகாட்டும் ஒருவரிடம் போவார். அந்த ஆள் மாட்டைத் திருடியவர் இல்லை, திருடியவரைத் தெரியாதவரும் இல்லை. மாட்டு விலையில் ஒரு பங்கைத் துப்புக்கூலியாக வைத்தால், சொன்ன இடத்தில் மாடுகள் கட்டிக் கிடக்கும். நெல்லை, மதுரைச் சீமைகளில் இது எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதற்கு வெள்ளைக்காரர் காலத்துப் போலீஸ் அறிக்கைகளே சாட்சி. சம்சாரி கோழையாக இருந்ததால் கூலி கொடுத்தார் என்று நினைத்தால் கரிசல் மண்ணைத் தெரியாதவர்கள் ஆவோம். இது வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பிறகு உழுவதற்கும் விதைப்பதற்கும் மண் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான். ஈரம் மிஞ்சினால் கலப்பையில் அப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த நாட்களில் மாடு இல்லையென்றால் அந்த வருஷத்துப் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. கோர்ட்டு ஆறு மாதம் கழித்து மாட்டை மீட்டுக் கொடுத்து என்ன பிரயோஜனம்? திருடியவன் பிடித்து வைத்திருந்தது மாட்டை அல்ல, சம்சாரியின் பருவத்தை.

மாடு போய் டிராக்டர் வந்துவிட்டது. கணக்கு அப்படியே இருக்கிறது. இன்றைய சரக்குகள் வேறு. நான்குவழிச் சாலையை ஒட்டி ரேஷன் அரிசி கேரளத்துக்குப் போகிறது. வேம்பார், தருவைகுளம் கரைகளிலிருந்து பீடி இலை இலங்கைக்குப் படகேறுகிறது. ஓடை மணல், காற்றாலைகளின் செம்புக் கம்பி, கஞ்சா, கந்துவட்டி என்று பட்டியல் நீளும். இவற்றில் நேரடியாக நஷ்டப்படுகிறவர் பெரும்பாலும் ஒரு சின்ன வியாபாரி, லாரி வைத்திருப்பவர், பம்ப்செட் விவசாயி, வாரத் தவணைக்குக் கடன் வாங்கிய தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளி. அவருக்கும் பருவம் உண்டு. லோடு நிற்கக்கூடாது, கடை திறந்தாக வேண்டும், பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டியாக வேண்டும். 2017 அக்டோபர் 23-இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003-லிருந்தே இருந்தது. மனு மேல் மனு கொடுத்தும் பலனில்லாமல்தான் அந்தக் குடும்பம் அங்கே வந்து நின்றது என்று அப்போது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. சட்டத்துக்குக் குறைவில்லை, கொடுத்த புகார் எங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது என்பதுதான் கேள்வி.

புதிய சட்டமும் இதே கணக்கில்தான் வந்து நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-ஆம் பிரிவு, அமைப்புரீதியான குற்றத்துக்கு முதன்முதலாக நாடு முழுவதற்கும் பொதுவான இலக்கணம் சொல்கிறது. மிரட்டிப் பணம் பறித்தல், நில அபகரிப்பு, கூலிக்குக் கொலை எல்லாம் அதில் அடக்கம். குறைந்தது ஐந்தாண்டுச் சிறை. ஆனால் ஒரு கும்பலை அந்தப் பிரிவுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால், கடந்த பத்தாண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகி, நீதிமன்றம் அவற்றைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும். அதாவது, முன்பே யாரோ புகார் கொடுத்திருக்க வேண்டும், அது எஃப்.ஐ.ஆர். ஆகியிருக்க வேண்டும், விசாரணை முடிந்து சார்ஜ் ஷீட் கோர்ட்டு வரைக்கும் போயிருக்க வேண்டும். யாருமே புகார் கொடுக்கத் துணியாத அளவுக்குப் பலம் படைத்த கும்பல், சட்டத்தின் கண்ணுக்குக் கும்பலே இல்லை! ஊரில் யாருக்கு அதிகப் பயமோ அவருக்கே அதிகப் பாதுகாப்பு என்ற இந்த முரணைப் பெரிய தலைமை அதிகாரிகள் கூடச் சட்டெனக் கவனிப்பதில்லை.

இதற்கு முதல் ஆட்சேபம், மீசையை முறுக்கிக்கொண்டு வருவது. ‘இதெல்லாம் கோர்ட்டு, காகிதம் என்று இழுக்கும் வேலை, தலைவனைத் தூக்கிவிட்டால் கும்பல் தானாகக் கலையும், வீரப்பன் கதை என்ன ஆயிற்று?’ என்பார்கள். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். தமிழக அதிரடிப்படை 1993-இல் அமைந்தது. வால்டர் தேவாரம் அதற்குத் தலைமை ஏற்றார். 2004 அக்டோபர் 18-இல், விஜயகுமார் தலைமையில், தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் கதை முடிந்தது. பதினோரு ஆண்டுகள். அதற்கு நடுவே 2000 ஜூலை 30-இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டபோது இரண்டு மாநில அரசுகளும் காட்டுக்குள் தூதர்களை அனுப்பின. 108 நாட்கள் பேச்சு நடந்தது. துப்புக்கூலிக்காரனிடம் போன சம்சாரியை இளப்பமாகப் பார்க்கிறவர்கள் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்; அரசாங்கத்துக்கே வேறு வழி தெரியாத நாட்கள் உண்டு. வீரப்பன் ஆயுதத்தோடு காட்டில் திரிந்தவர், பிடிக்கப் போன அதிகாரிகளின் உயிரைக் குடித்தவர், அவரை எதிர்கொள்ளத் துப்பாக்கி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. அதிரடிப்படையினர் காட்டில் பட்ட பாட்டையும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சந்தனக் கட்டையை மலையிலிருந்து இறக்கியவர் ஒருவர். வாங்கியவர், பதுக்கியவர், விற்றவர், கண்ணை மூடிக்கொள்ளக் காசு வாங்கியவர் பலர். செத்தவர் கூண்டிலேறிச் சாட்சி சொல்ல முடியாது. என்கவுன்டர் முடிகிற இடத்தில் விசாரணையும் முடிந்துவிடுகிறது. தலைவனின் இடத்துக்கு அடுத்தவன் வருகிறானா இல்லையா என்பதைவிட, அவனுக்குப் பணம் போட்டவர்கள் மறுநாள் காலையில் நிம்மதியாகக் காப்பி குடிக்கிறார்கள் என்பதே ஒரு புலனாய்வாளனுக்கு உறுத்த வேண்டிய விஷயம். 2014-இல் பி.யூ.சி.எல். வழக்கில் என்கவுன்டர் ஒவ்வொன்றையும் சுதந்திரமாக விசாரிக்க உச்ச நீதிமன்றம் போட்ட நெறிமுறைகளை நம் ஆட்கள் மனித உரிமைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். நான் அதைத் தொழில் நுணுக்கமாகவே பார்க்கிறேன்.

பவாரியா கும்பலைச் சொல்லி இன்னொரு ஆட்சேபம் வரலாம். அது இதைவிடக் கனமானது. 1995-லிருந்து பத்தாண்டுகள், வடக்கிலிருந்து லாரிகளில் வந்து, நெடுஞ்சாலையோரம் தனித்திருக்கும் வீடுகளில் புகுந்து, தூங்குகிறவர்களை அடித்துக் கொன்று கொள்ளையடித்துப் போனார்கள். 2005 ஜனவரி 9-இல் பெரியபாளையம் அருகே தானாகுளத்தில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் கொல்லப்பட்ட பிறகே, வடக்கு மண்டல ஐ.ஜி.யாக இருந்த எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையில் தனிப்படைகள் வட மாநிலங்களுக்குக் கிளம்பின. 2017-இல் வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்தால் இந்த வேட்டை வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. இங்கே பாதிக்கப்பட்டவர்களிடம் பயக் கணக்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் புகார் கொடுத்தார்கள், இருந்தும் பத்தாண்டுகள் பிடிக்க முடியவில்லையே என்று கேட்டால், உண்மைதான். வெளியூர்க் கும்பலுக்கு என் வாதம் பொருந்தாது. உள்ளூரில் யாரையும் மிரட்ட வேண்டிய தேவை அதற்கு இல்லை. அந்தக் கும்பலை விழவைத்தது, பல ஊர்க் குற்ற இடங்களில் எடுத்த விரல்ரேகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தனித்தனியாகக் கிடந்த வழக்குகளை ஒரே வழக்காகப் பார்த்த பொறுமை. சினிமா சண்டையைக் காட்டியது. மேஜை வேலையைக் காட்டினால் யார் டிக்கெட் எடுப்பார்கள்? சுதர்சனம் கொலையில் தண்டனைத் தீர்ப்பு வர 2025 நவம்பர் ஆயிற்று. ஆனால் கரிசல் காட்டில் நாம் எதிர்கொள்ளும் கும்பல் ராஜஸ்தானிலிருந்து லாரியில் வருவதில்லை. அடுத்த தெருவில் இருக்கிறது, கோயில் கொடைக்கு வரி கொடுக்கிறது, தேர்தலில் பூத்தில் உட்காருகிறது. அதைப் பிடிக்கத் தனிப்படை எதற்கு? முகவரி ஏட்டையாவுக்கே தெரியும். தெரியாதது சாட்சியின் முகவரிதான்.

லத்தியை நம்புகிறவர்களுக்கு வருகிறேன். ‘நாலு தட்டுத் தட்டினால் பயப்படுவான், ஊரும் நம்மை நம்பும்’ என்பது எங்கள் தொழிலில் எழுதப்படாத பாடம். அது தொழிலாகவே தோற்றுப்போன முறை. மெட்ராஸ் மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரித்த ஆணையம் 1855-இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான், வரி வசூலையும் காவலையும் பிரித்து, 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தின்படி இந்தப் போலீஸ் படையே உருவானது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872-இன் சாட்சியச் சட்டம் சொன்னது. 2023-இன் புதிய சாட்சியச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆக, அடித்து வாங்கியது கோர்ட்டில் காசுக்குப் பெறாது. ஸ்டேஷனுக்கு வெளியே அது என்ன செய்கிறது என்பது அதைவிட மோசம். 1995 ஆகஸ்ட் 31-இல் ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கொடியன்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்து வீடுகளைச் சூறையாடிய பிறகு, அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் எங்களிடம் தகவல் சொல்ல வருவார்? 2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் ஸ்டேஷனிலிருந்து கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் அடுத்தடுத்து இறந்தார்கள். கடையை ஊரடங்கு நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்ததாகத்தான் அந்தச் சங்கதியே தொடங்கியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனை வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்கச் சொன்னது. ஒரு போலீஸ்காரனுக்கு அதைவிடத் தலைகுனிவு வேறில்லை. அதே வழக்கில் தலைமைக் காவலர் ரேவதி, தான் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சொந்த ஸ்டேஷனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று தெரிந்தால், ஒரு மளிகைக் கடைக்காரர் ரவுடிக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஏன் தயங்குகிறார் என்பதும் விளங்கும்.

‘போலீசும்தானே சாகிறார்கள்’ என்பதை நான் ஒதுக்கமாட்டேன். அதே 2020 ஆகஸ்ட் 18-இல் வல்லநாடு அருகே மணக்கரையில், ஒரு ரவுடியைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் உயிரிழந்தார். அந்த மாதிரிக் களத்தில் திருப்பிச் சுடுவது தற்காப்பு. லாக்கப்பில் அடிப்பதற்கு அதைக் காரணம் காட்டுவது அவருடைய சாவைக் கொச்சைப்படுத்துவது.

லத்தியை விடவும் சத்தமில்லாத நோய் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஸ்டேஷன்களில் நடப்பது என்ன? புகாரை வாங்கி, வாங்கியதற்கு ரசீதாக ஒரு சி.எஸ்.ஆர். நம்பர் போட்டுக் கொடுப்பார்கள். பிறகு இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘எதுக்கு வம்பு, பேசி முடிச்சுக்கோங்க’ என்பார்கள். எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கை கூடாது, கிரைம் மீட்டிங்கில் தாள் சுத்தமாக இருக்கும். மாமூல் வாங்குகிறவருக்கு இதில் கூடுதல் வரும்படி. யோசித்தால் இது அதே துப்புக்கூலிதான். திருடனையும் தெரிந்து, பறிகொடுத்தவரையும் தெரிந்து, நடுவில் நின்று ஒரு விலை பேசும் அந்த ஆளின் நாற்காலியில் இப்போது அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் உட்கார்ந்திருக்கிறார். கட்டப் பஞ்சாயத்தை ஒழிப்போம் என்று வெளியே போர்டு இருக்கும்! எஃப்.ஐ.ஆர். கூடினால் குற்றம் கூடிவிட்டதாக எதிர்க்கட்சி கத்தும், மேலிடம் திட்டும் என்று எஸ்.பி.க்கள் பயப்படுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஒரு புதிய எஸ்.பி. வந்த முதல் வருஷத்தில் மிரட்டல், கந்துவட்டி வழக்குகள் ஏறினால், குற்றம் பெருகியது என்பதைவிட வாய் திறந்தது என்று படிக்கவே எனக்குத் தோன்றும்.

குண்டாஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 1982-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் விசாரணையின்றி ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். ஊர் கொதித்துக் கிடக்கும்போது மூச்சுவிட அது உதவும். அந்த ஒரு வருஷத்தில் மூல வழக்கை முடிக்காமல் விட்டால், ஆள் வெளியே வரும்போது வரவேற்பு பேனரோடு வருவார். பல ஆணைகளை உயர் நீதிமன்றம் நடைமுறைக் கோளாறுக்காகவே ரத்து செய்வதும் உண்டு. அப்போது அந்த பேனர் இன்னும் சீக்கிரமாக அச்சாகும்.

முறைப்படி போனால் வேகம் வராது என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே மறுப்பு இருக்கிறது. 2023 ஏப்ரல் 25-இல் முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்ததற்காக, பட்டப்பகலில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடி நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்து மாதத்துக்குள். குற்றப்பத்திரிகையைச் சீக்கிரம் போட்டு, சாட்சிகளைக் கையில் பிடித்து, கோர்ட்டும் நாள் தள்ளாமல் நடத்தினால் முடியும். ஆனால் அந்தத் தீர்ப்பு லூர்து பிரான்சிஸுக்கு உதவவில்லை. தனியொருவராகப் புகார் கொடுத்தவர் தனியாகவே மாட்டிக்கொண்டார். இந்த இடத்தில் இத்தாலியின் சிசிலித் தீவைப் பார்ப்பது உதவும். செங்குழுத் தீவிரவாதிகளை ஒடுக்கிப் பெயர் வாங்கிய ஜெனரல் கார்லோ ஆல்பெர்த்தோ தல்லா கியேசாவை, மாஃபியாவை ஒடுக்குவதற்காக 1982-இல் பலேர்மோவுக்கு அனுப்பினார்கள். அதிகாரம் தராமல் தனியே விட்டார்கள். செப்டம்பர் 3-இல் அவரும் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பத்தே நாளில், மாஃபியாவில் உறுப்பினராக இருப்பதையே குற்றமாக்கிச் சொத்தைப் பறிக்கும் சட்டம் நிறைவேறியது. அங்கே கடைக்காரர்கள் கட்டும் கப்பத்துக்குப் பீட்ஸோ என்று பெயர், நம்மூர் மாமூல்தான். 1991 ஜனவரியில் லீபெரோ கிராஸ்ஸி என்ற ஆலை அதிபர், கப்பம் கட்டமாட்டேன் என்று பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். சக தொழிலதிபர்கள் கூட நிற்கவில்லை, ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அதே காலத்தில், அதே தீவில், காப்போ தோர்லாந்தோ என்ற சிற்றூரின் வியாபாரிகள் சங்கமாகச் சேர்ந்து, மொத்தமாகப் புகார் கொடுத்து, மொத்தமாகச் சாட்சி சொன்னார்கள். மிரட்டியவர்கள் சிறைக்குப் போனார்கள். ஐம்பது பேரை யாரும் வெட்ட முடியாது.

கோவில்பட்டியில் அந்தச் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் டெல்லி வரைக்கும் ஏறி இறங்கி, 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு 2023-இல் தடை வாங்கியவர்கள். கடலை மிட்டாய்க்காரர்கள் 2020-இல் புவிசார் குறியீடு வாங்கினார்கள். மத்திய மந்திரியிடம் கூட்டாகப் போகத் தெரிந்தவர்கள் மாமூல் கேட்பவன் முன்னால் மட்டும் ஏன் தனித்தனியாக நிற்கிறார்கள்? போலீஸ் அவர்களைக் கூட்டாகக் கூப்பிடவில்லை என்பது பாதிப் பதில். சாட்சிகளைக் காக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018-இலேயே ஏற்றுக்கொண்டது. எத்தனை வியாபாரிக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியும்?

சாதியைச் சொல்லி வருவது கடைசி ஆட்சேபம். ‘இங்கே கும்பல் என்றால் சாதிக் கூட்டம், சொந்தச் சாதிக்காரனுக்கு எதிராக எவனும் வாய் திறக்கமாட்டான்’ என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை அரசாங்கமே உண்டாக்கியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911 முதல் மெட்ராஸ் மாகாணத்தில் கொண்டுவந்து, பிறப்பையே குற்றமாக எழுதி, அதை எதிர்த்தவர்களைப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-இல் சுட்டு, சாதியையும் குற்றத்தையும் ஒரே ரிஜிஸ்டரில் கட்டியது நாங்கள்தான். அதன் பிறகு அந்த மக்கள் போலீஸ் என்றால் ஒன்றுகூடுவதில் என்ன ஆச்சரியம்? ரவுடி தன் சாதியின் காவலன் என்று பேசுவான். ஆனால் அவனிடம் வட்டிக்கு வாங்கி அழிந்தவர்களின் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் அதே தெருக்காரர்கள். அந்தத் தெருவில் முதல் புகாரை வாங்கி, அதைச் சி.எஸ்.ஆரில் முடக்காமல், ஆறு மாதத்தில் தண்டனை வரை கொண்டுபோனால் சாதிக் கோட்டையின் முதல் கல் உள்ளிருந்தே பெயரும்.

இதையெல்லாம் செய்ய எஸ்.பி.க்கு அவகாசம் வேண்டும். குறைந்தபட்சம் இரண்டு ஆண்டு ஒரே இடத்தில் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எந்த அரசும் மனதாரப் பின்பற்றியதில்லை. எட்டாவது மாதம் மாற்றல் வரும் என்று தெரிந்த அதிகாரி, எட்டு மாதத்தில் பலன் தெரிகிற வேலையைத்தான் எடுப்பார். ரெய்டு, குண்டாஸ், பத்திரிகையாளர் முன் வரிசையாக நிற்கவைத்த முகமூடி முகங்கள். சாட்சிக்காரர் கூண்டில் ஏறும் நாளில் மாவட்டத்தில் மூன்றாவது எஸ்.பி. உட்கார்ந்திருப்பார். வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டர் வேறு மாவட்டத்திலிருந்து சம்மனை வாங்கிக்கொண்டு, பேருந்தில் வந்து, கேஸ் டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சாட்சி சொல்வார்.